பூஜையிலிருந்து எடுக்காத புத்தகங்கள்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ஆவுடையம்மாள் மதினி. போன பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோம். விறகு ஈரமாக இருந்து, புகையைத் தவிர வேறொன்றும் தரமாட்டேன் என்று அடம்பிடித்த நேரத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சொக்கநேரி அவள் பிறந்த ஊர். சன்னதியில் வைத்துச் சொன்னதை நானும் சன்னதியில் நிற்கிற மாதிரியே நினைத்துக்கொண்டு சொல்லுகிறேன்.

சொக்கநேரியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஓடு போட்ட ஒரு வாசகசாலை இருக்கிறது. போன நூற்றாண்டு பிறந்த புதிதில், அந்த ஊருக்கு ரயில் வந்த காலத்தில், வடக்குத் தெருக்காரர்களும் தெற்குத் தெருக்காரர்களும் சேர்ந்து கட்டினார்கள். அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான் என்று அந்த ஊரிலேயே சொல்வார்கள். அன்றைக்கு அச்சாகிப் பேர் வாங்கிய புத்தகங்களை மெட்ராசிலிருந்து தருவித்து ஒரு கண்ணாடி பீரோ நிறைய அடுக்கினார்கள். ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பிவந்த ஒரு கணக்கப்பிள்ளை எழுதிய பயணப் புத்தகம், அம்மை குத்திக்கொள்வதால் குலம் கெட்டுவிடாது என்று ஒரு வைத்தியர் எழுதியது, வால்நட்சத்திரத்தைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது, பெண்பிள்ளைகள் கணக்குப் படித்தால் அடுப்பு அணைந்துவிடாது என்று ஒரு அம்மாள் எழுதியது, இவற்றுக்கு நடுவே ஒல்லியாக, நீல அட்டை போட்டு, ‘புது விளக்குப் பாட்டு’ என்று ஒரு கவிதைப் புத்தகம்.

வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அந்தப் பீரோப் புத்தகங்களை மட்டும் எடுத்து, மேஜைமேல் அடுக்கி, சந்தனம் தெளித்து, பட்டுத்துணி போர்த்தி, பொரிகடலை வைத்துக் கும்பிடுவார்கள். அன்றைக்கு யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. மறுநாள் காலையில் மறுபடி ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, புத்தகங்களைப் பூஜையிலிருந்து எடுத்து, ஆளுக்கு நாலு வரி வாசித்தால்தான் பூஜை முடியும். அதுவரைக்கும் புத்தகம் சரஸ்வதி அம்மை மடியில் இருக்கிறது என்று கணக்கு. இந்த மறுநாள் தேங்காயை ஒரு வருஷம் வடக்குத் தெரு உடைக்கும், ஒரு வருஷம் தெற்குத் தெரு உடைக்கும். கொரோனா வந்த வருஷம் பூஜையே நடக்கவில்லை. அடுத்த வருஷம் பூஜைக்கு மறுநாள் காலையில், எல்லோரும் குளித்து விபூதி பூசிக்கொண்டு நின்றபோது, வடக்குத் தெருவிலிருந்து ஒரு தேங்காயும் தெற்குத் தெருவிலிருந்து ஒரு தேங்காயும் வந்துவிட்டன.

“போன வருஷம் உங்க முறை. அது போச்சு. இப்ப எங்க முறை” என்றார் தலைவர் நமச்சிவாயம். வடக்குத் தெருக்காரர், ரைஸ்மில் வைத்திருக்கிறவர்.

“பூஜையே நடக்காத வருஷத்துல எங்க முறை எப்படிப் போகும்?” என்றார் செயலாளர் பூதத்தான். தெற்குத் தெருக்காரர், தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் ஊருக்கே அவர் சார். “நடக்காத கல்யாணத்துக்கு மொய் எழுதுவீரோ வே?”

“கல்யாணம் நடக்காட்டி என்ன, முகூர்த்தம் கழிஞ்சா கழிஞ்சதுதான். நேத்து சாப்பிடாத சோத்தை இன்னைக்குச் சேத்துத் தின்னுவீரோ?”

“நீரு தின்னுவீரு. உம்ம வயித்தைப் பாத்தாலே தெரியுது.”

அதற்குப் பிறகு பேசியதைச் சன்னதியில் சொல்ல முடியாது என்றாள் மதினி. முடிவில் அவரவர் தேங்காயை அவரவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொரிகடலையைப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். கற்பூரம் தட்டிலேயே கரைந்து போயிற்று. புத்தகங்கள் பட்டுத்துணிக்குள் இருந்தபடி இருந்தன.

தீபாவளி கழிந்து யாரோ துணியை விலக்கிப் பார்த்தபோது அவை திறக்கவில்லை. பூச்சி அரிக்கவில்லை, பசை ஒட்டவில்லை, ஈரம் ஏறவில்லை. அட்டையும் தாளும் ஒன்றாகி, ஒரே மரத்தில் அறுத்த பலகை மாதிரி இருந்தன. இட்லிக் கொப்பரை ஆவியில் காட்டினார்கள். சவரக்கத்தியை மெல்ல நுழைத்துப் பார்த்தார்கள், கத்திதான் மழுங்கிற்று. தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசிக்குள் போட்டுவைப்பார்களே, அந்த நினைப்பில் நமச்சிவாயம் தன் மில்லில் ஒரு மூட்டை அரிசிக்குள் அவற்றைப் புதைத்து வைத்தார். அந்த அரிசியில் வடித்த சோறு சந்தன வாசமாக இருந்ததே ஒழிய, புத்தகம் திறக்கவில்லை. பிள்ளையார் கோயில் பட்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “நமக்குத்தான் நாள் போயிருக்கு. இதுகளுக்கு இன்னும் அன்னைக்குத்தான். எடுக்காம விட்டுட்டோமே, அம்மை மடியிலேயே இருக்கு” என்றார். ஊரார், ஆமாம், அதுதானே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திறந்திருந்த காலத்திலும் அவற்றை யாரும் பெரிதாகத் திறந்ததில்லை. தினத்தாளும், வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற புத்தகங்களும் பூஜையில் வைக்கப்படாததால் எப்போதும்போல் திறந்துகொண்டுதான் இருந்தன.

அப்புறம் ஒரு நாள், வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், படிப்பு மண்டையில் ஏறாமல் அழுதுகொண்டே அந்த மூடின புத்தகங்களின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். பரீட்சையில் தேறி, தென்காசியில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். அடுத்த பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வாசகசாலை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அம்மைக்குப் ‘பூட்டு சரஸ்வதி’ என்று பேர் வந்தது. பேனாவைத் தொட்டு வாங்கிப் போனார்கள், ஹால் டிக்கெட்டை வைத்து வாங்கிப் போனார்கள், பேசப் பிந்துகிற பிள்ளைகளைத் தூக்கிவந்து நாக்கில் சந்தனம் தடவினார்கள். மினி பஸ்காரர் அங்கே நிற்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீக்கடைக்கு அம்மையின் பேர் வைத்தார்கள். சவரக்கத்தியை நுழைத்தவர் மொட்டை போட்டுக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். ஊர் அந்த அதிசயத்தை, புது மருமகளை வீட்டுக்குள் விட்டுக்கொள்கிற மாதிரி, கொஞ்சம் பேசி, கொஞ்சம் முணுமுணுத்து, கடைசியில் அவள் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்கிற நிலைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது.

ஊரிலேயே ஒருத்திக்குத்தான் அந்தப் புத்தகங்களில் ஒன்று திறக்க வேண்டியிருந்தது. அவள் பேர் செண்பகவடிவு.

செண்பகவடிவு ரயில்வே கேட் பக்கத்தில் இருக்கிறாள், ஜாக்கெட் தைக்கிறாள், புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவளுடைய அப்பா குத்தாலிங்கம் அந்த ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருகிற வரைக்கும் வாசகசாலைப் புத்தகங்களை வாங்கி வைத்துப் படித்துக்கொண்டே காலத்தைக் கழித்தவர். அவருக்கு ஒரு பக்கம் வாதம் விழுந்து, கை போயிற்று, கால் போயிற்று, பேச்சு மொத்தமும் போயிற்று. அந்த நீல அட்டைப் புத்தகத்தில் இருந்த ஒரு நாலடிப் பாட்டின் முதல் இரண்டு அடி மட்டும் எப்படியோ தப்பி வாயில் நின்றது.

கண்ணாடிக் கூண்டுக்குள்ளே காற்றடங்கி நின்றதடி
மண்ணெண்ணெய் வாசத்தோடு மாலை வந்து சேர்ந்ததடி

தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான். முதுகு அரித்தாலும் அதுதான். மகளைக் கூப்பிடவும், மகளை வையவும், மகள் பட்டினி கிடக்கிறாளே என்று வருத்தப்படவும் அதுவேதான். குரலை வைத்து இன்னது என்று அவள் கண்டுபிடித்துக்கொள்வாள். அது அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருந்தது. இரண்டாவது அடி முடிந்ததும் அவர் வாய் திறந்தபடி நிற்கும். கண் எதையோ தேடும். அடுத்த அடி அங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. இருட்டில் தீப்பெட்டியைத் துழாவுகிற ஆள் மாதிரித் துழாவித் துழாவி, கிடைக்காமல், நல்ல கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடிப்பார். கண்ணில் தண்ணீர் வரும். மறுபடியும் முதல் அடியிலிருந்து ஆரம்பிப்பார். பொழுது விடிந்தது முதல் அடைகிறது வரை இதுதான். புறங்கையில் தோல் உரிந்து, அவள் சட்டத்தில் பழைய துணியைச் சுற்றி வைத்தாள். அப்பா போகிற காலத்தில் போகட்டும், இப்படித் துழாவிக்கொண்டே போகக் கூடாது, அந்த மூன்றாவது அடியை அவர் கையில் கொடுத்துவிடு தாயே என்று அவள் விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

முதலில் நமச்சிவாயத்திடம் போனாள்.

“அண்ணாச்சி, அந்தப் பூஜையை முடிச்சு வையுங்க. அப்பாவுக்கு ஒரு புஸ்தகம் வேணும்.”

“முடிச்சிருவோம் தாயி, அதுக்கென்ன? எங்க முறைன்னு சார் ஒரு வார்த்தை ஒத்துக்கிடட்டும், இப்பவே தேங்காயோட வாரேன்.”

பூதத்தான் சாரிடம் போனாள்.

“நான் தயார்ம்மா. அந்த ஆளு வந்து, முறை உங்களதுதான்னு சபையில சொல்லட்டும்.”

பட்டரிடம் போனாள். “பட்டரே, ரெண்டு பேரும் வேண்டாம், நீங்களே உடைச்சிருங்க.”

“நானா? நான் தேங்காயை உடைச்சா ரெண்டு தெருவுமா சேர்ந்து என் காலை உடைக்கும். அந்த வாசகசாலை கட்டினதுக்கு அப்புறம் அவங்க சேர்ந்து செய்யுற காரியம் அதுவாத்தான் இருக்கும்.”

திரும்பவும் திரும்பவும் நடந்தாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு தேங்காய் உடைப்பது என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். நாள் குறிக்கப் போனபோது, “வார மாசம் போலீஸ் பரீட்சை இருக்கே, பிள்ளைக வயித்துல அடிக்கவா?” என்றார்கள். போலீஸ் பரீட்சை முடிந்தால் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு முடிந்தால் டாக்டர் படிப்புக்கான பரீட்சை. அது முடிந்தால் பாங்க். பரீட்சை இல்லாத மாசம் ஒன்று இந்த நாட்டில் கிடையாது என்பது செண்பகவடிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதோடு, தலைவருக்கும் செயலாளருக்கும் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் பெரிய பெரிய ஆட்கள் பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார்கள். திறந்துவிட்டால் அது வெறும் பீரோ.

வேறு ஊரில் ஒரு பிரதி கிடைக்காதா என்று தேடினாள். அடுத்த வீட்டுக் கல்லூரிப் பெண் செல்போனில் துழாவி, மதுரையில் ஒரு பேராசிரியரின் நம்பரைப் பிடித்துக் கொடுத்தாள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முக்கியமான நூல்கள் என்று அவர் எழுதிய கட்டுரையில் ‘புது விளக்குப் பாட்டு’ மேலேயே இருந்தது.

“ஆமாம்மா, ரொம்ப முக்கியமான கவிதை நூல். அந்தக் காலத்தில் அப்படி ஒரு குரல் வேற கிடையாது” என்றார் அவர்.

“அதுல விளக்கைப் பத்தி ஒரு பாட்டு, சார். மூணாவது அடி மட்டும் சொன்னாப் போதும்.”

போனில் அவர் ஏதோ தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“நான் புத்தகத்தைப் பார்த்ததில்லைம்மா. எனக்கு முன்னால எழுதினவங்க முக்கியம்னு எழுதியிருந்தாங்க.”

“அவங்க பாத்திருப்பாங்களா, சார்?”

“அவங்களுக்கு முன்னால எழுதினவங்க பார்த்திருக்கலாம்” என்றார். நல்ல மனுஷன், மன்னிச்சுக்கோங்கம்மா என்று சொல்லித்தான் போனை வைத்தார். ஆனாலும் வாசலில் நின்ற செண்பகவடிவுக்கு, கையில் இருந்த அளவு டேப்பைக் கடித்துத் துப்ப வேண்டும் போல் இருந்தது. பார்க்காமலே முக்கியம் என்கிறார்கள், திறக்காமலே கும்பிடுகிறார்கள், படித்த ஒரே மனுஷன் கட்டிலில் கிடந்து கையை உடைத்துக்கொள்கிறார். இது என்ன நியாயம், அம்மா சரஸ்வதி?

ஒரு மத்தியானம், வாசகசாலையைக் கூட்டிப் பெருக்குகிற பேச்சி சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, அவள் முந்தானைக்குள் ஒரு தேங்காயை மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். முறையும் இல்லை, தெருவும் இல்லை, பட்டரும் இல்லை. தரையில் தட்டி உடைத்தாள், கற்பூரம் காட்டினாள், நீலப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இழுத்தாள். திறக்கவில்லை. உட்கார்ந்து அழுதாள். பிறகு, எடுத்ததும் நாலு வரி வாசிக்க வேண்டுமே, வாசிக்காமல் பூஜை எப்படி முடியும் என்று தோன்றியது. திறக்காத புத்தகத்தை எப்படி வாசிப்பது? அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் இரண்டு அடிதான். அதைச் சொன்னாள்.

அட்டை, வெந்த பனங்கிழங்கின் தோல் மாதிரி, தானாக மேலே எழும்பிற்று. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு ஒரு பக்கத்தில் வந்து நின்றன. மேலே அந்த இரண்டு அடி, கறுப்பு மசியில், ஈர வாசனையோடு. அதற்குக் கீழே பக்கம் எதிர்ப் பக்கத்தோடு, கல்லில் பிடித்துக்கொண்ட தோசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறினாள். மறுபடி சொன்னாள், பாடிப் பார்த்தாள், கெஞ்சினாள். வாயில் இருக்கிற மட்டுக்குத்தான் புத்தகம் திறந்தது. அதற்கு மேல் மயிரிழை கூட இல்லை.

“அடிப் பாவி மட்டை, அம்மையைத் திறந்துட்டியே!” என்று பேச்சி வாசலிலிருந்து கூப்பாடு போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தெருவும் வந்துவிட்டன. வைதார்கள், பார்த்தார்கள், இன்னும் கொஞ்சம் வைதார்கள். பிறகு, தெரிந்ததைச் சொன்னால் திறக்கிறது என்ற சங்கதி புரிந்ததும், எல்லோருக்கும் தானும் ஒன்றைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. ஒருவர் சினிமாப் பாட்டைப் பாடினார், புத்தகங்கள் அசையவில்லை. ஒருவர் கந்தனைப் பாடினார். கந்தன் கேட்டிருப்பான், புத்தகங்கள் கேட்கவில்லை. தபாலாபீசில் வேலை பார்க்கிற ஒரு அம்மாள் மட்டும், தன் அப்பா சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டிருந்தது என்று, “வால்நட்சத்திரம் நம் வீட்டு விலாசம் அறியாது” என்றாள். வாத்தியாரின் புத்தகம் நடுவில் ஒரு வரி அளவுக்கு வாயைத் திறந்து நின்றது.

“தலைவரு சொல்லட்டும். அவருக்குத் தெரியாததா?” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

நமச்சிவாயம் தொண்டையைச் செருமினார். பூதத்தானைப் பார்த்தார். பூதத்தான் கூரையைப் பார்த்தார். இரண்டு பேருமே அந்தப் புத்தகங்களில் ஒரு வரி படித்ததில்லை என்பது ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரிந்தது. தன்னைப் பற்றி வெளியே தெரிந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வியர்த்தது.

“இதெல்லாம் அம்மையைச் சோதிக்கிற காரியம்” என்றார் நமச்சிவாயம்.

“அதான். பரீட்சை நேரத்துல தெய்வக் குத்தம் ஆயிரும்” என்றார் பூதத்தான்.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே கருத்தைச் சொன்னதை ஊர் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டது. அடுத்த வாரம் புத்தகங்களைச் சுற்றி இரும்புக் கம்பிக் கதவு போடுவது என்று அங்கேயே முடிவாயிற்று.

செண்பகவடிவு வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்திருந்தது. தைத்துக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டில் கை இரண்டையும் மாற்றி வைத்துத் தைத்திருந்தாள். அப்பாவுக்குக் கஞ்சியை ஊட்ட உட்கார்ந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள்ளே, என்று அவர் ஆரம்பித்தார். ஒரு வாய் ஊட்டினாள். மறுபடியும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளே. மண்ணெண்ணெய் வாசத்தோடு. வாயைத் திறந்தார், தேடினார், அடித்தார். அடித்த கை கிண்ணத்தில் பட்டுக் கஞ்சி அவள் மடியில் கொட்டிற்று.

இத்தனை காலம் சேர்த்து வைத்த கோபமெல்லாம் அப்போது வெளியே வந்தது. “மூணாவது அடிதான வேணும்? இந்தாங்க, பிடிங்க!” என்று கத்திவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்:

எண்ணி எண்ணிப் பார்க்கையிலே இருளெல்லாம் போனதடி

குத்தாலிங்கம் அடிப்பதை நிறுத்தினார். மகளைப் பார்த்தார். கேட்டை மூடின பிறகு குனிந்து நுழைகிற சைக்கிள்காரனைப் பார்க்கிற அந்தப் பார்வை; அதைப் பார்த்து அவளுக்கு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

“இல்ல” என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இல்லட்டி. இருட்டு... எங்க... போச்சு?” ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவந்து வைத்தார். முகம் சிவந்திருந்தது. அப்படி ஒரு பொய்யை அந்தப் பாட்டுக்குள் வைத்ததை அவரால் தாங்க முடியவில்லை. “போகல்ல. கேளு.”

உன்னாலே வீட்டுக்குள்ளே ஒருமுழம்தான் வெளிச்சமடி

சொல்லிவிட்டு, சரிதானே என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில், கம்பிக் கதவைப் பொருத்துகிற வெல்டிங்காரர் வருவதற்குள், செண்பகவடிவு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தாள். பக்கம் இன்னும் ஒரு அடி கீழே பிரிந்திருந்தது. உன்னாலே வீட்டுக்குள்ளே ஒருமுழம்தான் வெளிச்சமடி. ஒரு எழுத்து மாறவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அப்பா மூன்று அடியையும் சொல்லிவிட்டு நாலாவதற்கு வாயைத் திறந்துகொண்டு கட்டிலை அடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. மூன்றாவது அடியைக் கேட்டவள், பாட்டு முடியட்டும் என்று கேட்டிருக்க வேண்டும்.

கம்பிக் கதவு வந்தது. அதற்குப் பூட்டு யாருடையது என்று சண்டை வந்து, வடக்குத் தெரு ஒரு பூட்டும் தெற்குத் தெரு ஒரு பூட்டும் போட்டன. நீ முதலில் திற என்று அவரும், நீர் முதலில் திறவும் என்று இவரும் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தார்கள். திறந்த புத்தகம் மூடின புத்தகத்தைவிடச் சக்தி என்று இப்போது கூட்டம் இரட்டிப்பாயிற்று. கம்பிக்கு வெளியே நின்று மாலையை வீசினார்கள், அது போய்ப் புத்தகத்தின்மேல் விழுந்தது.

செண்பகவடிவுக்கு வழி தெரிந்துவிட்டது. தைக்கும்போது, துவைக்கும்போது, காய் நறுக்கும்போது, ஒவ்வொரு நாலாவது அடியாகக் கட்டிக் கட்டி அப்பாவிடம் கொண்டுபோனாள். பொன்னான பொழுதென்று பூமியெலாம் பாடுதடி. “இல்ல.” சின்னஞ்சிறு சுடராலே சிந்தையெலாம் குளிருதடி. “சீ. இல்ல.” எல்லாவற்றுக்கும் இல்லதான். அந்த ஒரு வார்த்தை கைக்கு வந்ததிலிருந்து அவர் கஞ்சிக்கும் இல்ல என்றார், மாத்திரைக்கும் இல்ல என்றார், பார்க்க வந்த சம்பந்தக்காரர்களுக்கும் முகத்துக்கு நேரே இல்ல என்றார். அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது, காதுக்கு இதமாகவும் இருந்தது. ஆனால் இல்ல என்ற பிறகு ஒன்றும் வரவில்லை. கை இளைத்துக்கொண்டே வந்தது. சட்டத்தில் விழுகிற அடியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

மார்கழியில் ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. அவள் செல்போன் டார்ச்சைப் போட்டு, கட்டில் ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு, வாய்க்கு வந்த இன்னொரு அடியைச் சொன்னாள். அவர் கேட்டதாகவே தெரியவில்லை. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அடித்த வெளிச்சத்தில் அவருடைய மெலிந்த தோளும் தலையும் சுவரில் கூரை வரைக்கும் உயர்ந்து, அறையையே மறைத்துக்கொண்டு நின்றன. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, துழாவாமல், திக்காமல், யாரோ பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

பின்னாலே என்நிழலோ பெரிதாகிப் போனதடி

கை சட்டத்தை அடிக்கவில்லை. துணி சுற்றின இடத்தில் சும்மா கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் பாட்டைச் சொல்லவேயில்லை. தைப்பொங்கலுக்கு முன்னால், வாய் மூடி, முகம் தெளிந்து, தூங்குகிற மாதிரி அடங்கிப் போனார். அவள் கேட்டது நடந்தது. சாமிக்குக் குறை வைக்காமல் செண்பகவடிவு நெய்விளக்கும் போட்டாள்.

ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது என்று மதினியிடம் சொல்லி அழுதாளாம். அந்த நாலாவது அடி, அவர் எப்போதோ கேட்டில் உட்கார்ந்து படித்ததா, அல்லது சுவரில் கண்டதைச் சொன்னாரா? புத்தகத்தில் இருப்பதுதான் என்றால், பாட்டை முடித்த நிம்மதியில் போயிருக்கிறார். இல்லை என்றால், எழுதினவர் எழுதினது இன்னும் ஒட்டிக்கொண்டே கிடக்கிறது, அப்பா தானாக ஒரு பாட்டு கட்டியிருக்கிறார். வாழ்நாளில் ஒரே ஒரு அடி. எதுவானாலும் அவளுக்குச் சம்மதம்தான். எது என்று மட்டும் தெரிய வேண்டும். பக்கத்தின் கீழ்ப்பாதியை மாலை மறைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பூட்டும் அப்படியே இருக்கின்றன. தைத்துத் தைத்து அவளுக்குக் கண்ணும் மங்கல்.

தென்காசிப் பக்கம் போகிறவர்கள் சொக்கநேரியில் ஒரு நிமிஷம் இறங்குங்கள். மாலை இதற்குள் காய்ந்து சுருங்கியிருக்கும். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் யாராவது கம்பியோடு முகத்தை ஒட்டி வைத்து, நாலாவது அடி தெரிகிறதா, தெரிந்தால் அது நிழலைப் பற்றித்தானா என்று பார்த்து, ரயில்வே கேட் பக்கத்து வீட்டில் செண்பகவடிவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.